சத்தம் இல்லாத இடங்கள்

ஆண் குறட்டை விட்டால் அது அலுப்பு, பெண் குறட்டை விட்டால் வேடிக்கை. இந்தச் சட்டத்தை எந்த மகராசன் எழுதினான் என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். மாமனார் உயிரோடு இருந்த காலத்தில் கூடத்தில் படுத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடி அதிர அதிரக் குறட்டை விடுவார். "பாவம், உழைச்ச உடம்பு" என்று சொல்லி, சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். அதே வீட்டு மருமகள் குறட்டை விட ஆரம்பித்தபோது அவளுக்கு 'இன்ஜின்' என்று பெயர் வைத்தார்கள்.

வைத்தது வேறு யாருமில்லை, கட்டிய புருஷன்தான். ஒலிப்பதிவுக் கூடத்தில் எடிட்டர் வேலை அவனுக்கு. கடை விளம்பரம், பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பேச்சு, தலைவர்களின் வாழ்த்துரை என்று எது வந்தாலும் கணினியில் போட்டு, பேசுகிறவர் திணறுகிற இடம், இருமுகிற இடம், அடுத்த வார்த்தைக்காக முழிக்கிற இடம் எல்லாவற்றையும் நறுக்கி எறிந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பான். சத்தம் இல்லாத இடத்துக்கு அவர்கள் தொழிலில் 'காலி' என்று பெயர். "ஒரு மூச்சுக்கு மேல காலி விட்டா கேக்கறவன் எழுந்து போயிடுவான்" என்பது அவன் வாய்ப்பாடு. அந்த ஊரில் நாக்குத் தடுமாறுகிற பெரிய மனிதர்கள் பலர் சிறந்த பேச்சாளர்கள் என்று பெயர் வாங்கியதற்கு அவன் விரல்கள்தான் காரணம்.

மனைவியின் குறட்டையை முதன்முதலாகப் பதிவு செய்து, பின்னணியில் மேளத்தைச் சேர்த்து, குடும்பக் குழுவில் போட்டான். சிரிக்கிற முகங்கள் வந்து குவிந்தன. நாத்தனார் மகன் அதைத் தன் போனில் அழைப்பு மணியாகவே வைத்துக்கொண்டான். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்ய முடியும்? கோபித்துக்கொண்டால், ஒரு விளையாட்டைக்கூடத் தாங்காத மூஞ்சி என்பார்கள். அதற்குப் பிறகு மாதம் தவறாமல் ஒன்று போட்டான்.

நாற்பத்தைந்து தாண்டும் வரை அவளுக்குக் குறட்டை இருந்ததே இல்லை. மாதவிலக்கு நின்றது, உடம்பு கொஞ்சம் போட்டது, கழுத்து தடித்தது, கூடவே இதுவும் வந்து சேர்ந்தது. குறட்டையோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. காலையில் எழும்போது தலை விண்விண் என்று தெறித்தது, வாய் காகிதமாகக் காய்ந்து கிடந்தது. இரவு முழுக்கத் தூங்கியவள், இரவு முழுக்க மூட்டை தூக்கியவள் மாதிரி எழுந்தாள். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் செருகியது.

அவள் வேலையோ உட்கார்ந்து பார்க்கிற வேலை. மருந்துக் கம்பெனியில் இருமல் மருந்து பாட்டில்கள் ஓடுகிற பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வரும். பின்னால் வெள்ளை விளக்குப் பலகை எரியும். பாட்டிலுக்குள் தூசி, முடி, கண்ணாடித் துணுக்கு ஏதாவது மிதக்கிறதா என்று பார்த்து, இருப்பதைத் தூக்கித் தனியே வைக்க வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். செய்து பார்த்தால் அரை மணியில் கண் பூத்துவிடும். அவளோ வருடக்கணக்காக அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவள். அவள் பார்த்த பாட்டிலில் புகார் வந்ததில்லை என்பதைப் புதிதாக வருகிற பெண்களிடம் சூப்பர்வைசரே சொல்லிக்காட்டுவார். வீட்டில் இன்ஜினாக இருந்தவளுக்கு மனுஷியாக இருக்க வாய்த்த இடம் அந்த ஸ்டூல் ஒன்றுதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த நினைப்பில்தான் செருப்பை மாட்டினாள்.

அந்த ஸ்டூலுக்குத்தான் ஆபத்து வந்தது. முடி மிதந்த பாட்டில் ஒன்று கடை வரைக்கும் போய்ப் புகாராகத் திரும்பி வந்தது. கேமராவில் பார்த்தார்கள். முதுகு நிமிர்ந்திருக்கிறது, கை மடியில் இருக்கிறது, கண் மூடியிருக்கிறது, பாட்டில்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. சூப்பர்வைசர் அவளைத் தனியே கூப்பிட்டு அதைக் காட்டினார். தன் முகத்தை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

"நான் உங்களைத் தப்பா நினைக்கலம்மா" என்றார் அவர். "ஆனா மேலே கேக்கறாங்க. இது சோம்பேறித்தனமா, சீக்கான்னு கேக்கறாங்க. சீக்குன்னா டாக்டர் எழுதித் தரட்டும். லீவு போட்டு வைத்தியம் பாருங்க, உங்க இடம் உங்களுக்குத்தான். அதுக்கு நான் பொறுப்பு. இல்லன்னா என் கையில ஒண்ணுமில்ல."

"சோம்பேறித்தனம் இல்லீங்க சார். உடம்புக்கு என்னமோ பண்ணுது."

"அதைத்தான் எழுதி வாங்கிட்டு வாங்கன்னு சொல்றேன்."

காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவைப் பார்க்க அவளும் எடிட்டரும் போனார்கள். அவனாகத்தான் வந்தான், அதையும் சொல்லியாக வேண்டும். டாக்டரம்மா மூக்கில் விளக்கை அடித்தார், வாயைத் திறக்கச் சொல்லி நாக்கை அழுத்திப் பார்த்தார், கழுத்தை நாடா வைத்து அளந்தார். மூக்குத் தண்டு லேசாக வளைந்திருக்கிறது, அண்ணம் தளர்ந்து தொங்குகிறது, மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரிந்து வழியை அடைக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"குறட்டைன்னா என்ன? காத்து போற வழி குறுகிப் போச்சு, அதுல மோதிட்டுப் போற சத்தம். சத்தம் வருதுன்னா காத்தும் போகுதுன்னு அர்த்தம். அதனால சத்தத்தைப் பத்தி எனக்குப் பெரிய கவலை இல்ல. சத்தம் நிக்குதாங்கறதுதான் என் கேள்வி. வழி முழுசா அடைச்சுக்கிட்டா மூச்சு நிக்கும். சத்தமே இருக்காது. அப்புறம் மூளை பதறிப்போய் எழுப்பும், மூச்சு திணறிக்கிட்டு வரும். ராத்திரி பூரா இப்படி நடந்தா உடம்பு தூங்கவே இல்லன்னு அர்த்தம். இதயத்துக்கும் கேடு. உங்களுக்கு அப்படி வருதா?"

தூங்குகிறவளுக்கு அது எப்படித் தெரியும்? அவள் புருஷனைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் அவனைத்தான் பார்த்தார்.

"நிக்கறதா? ஸ்டேஷனே இல்லாத ரயில் டாக்டர் இது" என்றான் அவன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு இரவு படுக்க வைத்துப் பார்க்கிற சோதனை இருக்கிறது, ஆனால் இங்கே இருப்பது ஒரே கட்டில், காத்திருக்கிறவர்கள் ஏராளம், முறை வர மாதக்கணக்கில் ஆகும் என்றார். மூச்சு நிற்பது நிச்சயமானால் முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்குகிற காற்று மெஷின் இருக்கிறது, லேசாக இருந்தால் தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கிற பல் கவசம் போதும், சிலருக்கு ஆபரேஷன் என்று விளக்கினார். "வீட்டுல அவங்க தூங்கறதைப் பதிவு பண்ணிக் கொண்டு வாங்க. அதுல மூச்சு நிக்கற மாதிரி இருந்துச்சுன்னா நான் சோதனையை முன்னாடி போட்டுத் தர்றேன். உங்க கம்பெனிக்கும் அன்னிக்கே எழுதித் தர்றேன்."

"ரெக்கார்டிங்கா? சரியான ஆள்கிட்டதான் கேட்டிருக்கீங்க" என்றான் எடிட்டர். அவன் முகம் பூரித்துவிட்டது.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு மனம் லேசாக இருந்தது. சீக்காக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமை வேறு யாருக்கும் வரக்கூடாது. அவள் வேண்டிக்கொண்டாள். எடிட்டர் ஸ்டுடியோவிலிருந்து நல்ல மைக்காகப் பார்த்து எடுத்து வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் அதை நிறுத்த ஒரு மணி நேரம் பாடுபட்டான். மின்விசிறிச் சத்தம் விழுகிறது என்று அதை நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அடுத்த அறைக்குக் கொண்டுபோனான். தனக்காக அவன் இவ்வளவு மெனக்கெட்டு அவள் பார்த்ததில்லை. சொன்னால் வெட்கக்கேடு, அவளுக்குக் கண் கலங்கியது.

மறுநாள் அவன் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வேலையை முடித்து, அவளையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் கொடுத்தான். "முழு ராத்திரியும் உங்களுக்குக் கேக்க நேரம் இருக்காதுன்னு ஒரு மணி நேரத்துக்கு எடுத்திருக்கேன். சுத்தமா வந்திருக்கு" என்றான். வெளியே நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. டாக்டரம்மா காதில் மாட்டிக்கொண்டு முதலில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் கேட்டார்.

"எங்கேயும் நிக்கலையே. நல்லது. இது சாதாரணக் குறட்டை."

"அப்ப பகல்ல ஏன் டாக்டர் இப்படித் தூக்கம் வருது?" என்று அவள் கேட்டாள்.

"ரத்தம் குறைவா இருக்கலாம், தைராய்டா இருக்கலாம். சோதிச்சுப் பாத்துடுவோம். ராத்திரி படுக்க நேரமாகுதா? டிவி பாப்பீங்களா?"

"அதெல்லாம் படுத்ததும் வண்டி கிளம்பிடும் டாக்டர்" என்றான் எடிட்டர்.

ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. மூக்குக்கு அடிக்கிற மருந்து, உப்புத் தண்ணீரில் மூக்கு கழுவுதல், ஒருக்களித்துப் படுத்தல், எடை குறைத்தல் என்று எழுதித் தந்தார். படுக்கைச் சோதனைக்கு எல்லோரையும் போல வரிசையில் பெயர் சேர்ந்தது. கம்பெனிக்கு எழுதிய தாளில், குறட்டை உண்டு, தற்சமயம் வேறு நோய்க்கு அறிகுறி இல்லை என்று இருந்தது. டாக்டரம்மா பொய் எழுதவில்லை. காதில் விழுந்ததைத்தான் எழுதினார்.

சூப்பர்வைசர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, மறுபக்கமும் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

"குறட்டை விடறாங்கன்னு நான் மேலே போய் எப்படிம்மா சொல்றது? சிரிப்பாங்க."

"எனக்கு நிஜமாவே முடியல சார்."

"நான் நம்பறேன்மா. பேப்பர் நம்பலயே."

வேலை போயிற்று. அவள் ஸ்டூலில் வேறொரு பெண் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு வைத்தியம் வீட்டுக்கு வந்தது. வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறவளுக்கு யோசனை சொல்ல யாருக்குத்தான் வாய் வலிக்கும்? மல்லாந்து படுக்காமல் இருக்க நைட்டியின் முதுகில் ஒரு பந்தை வைத்துத் தைக்கச் சொன்னார் நாத்தனார், தைத்தாள். வாய் திறக்காமல் இருக்கத் தாடையைத் துணியால் கட்டிக்கொள்ளச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி, கட்டிக்கொண்டாள். மூக்கில் ஒட்டுகிற பட்டை, தலைக்கு உயரமான தலையணை, ஆவி பிடித்தல், நாக்கை நீட்டி மடக்கிப் பயிற்சி, இரவுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தல், ஒன்றையும் விடவில்லை. முதுகில் பந்தும் தாடையில் கட்டுமாக அவள் படுத்திருந்த கோலத்தை எடிட்டர் படமும் எடுத்தான். 'இன்ஜின் பழுது பார்க்கப்படுகிறது' என்று எழுதிக் குழுவில் போட்டான். நல்ல வரவேற்பு.

தூக்கம் மட்டும் பகலில் வருவது நிற்கவில்லை. அடுப்படியில் நின்றபடியே கண் அயர்ந்து பால் பொங்கி வழிந்தது. ஒருவேளை சோம்பேறித்தனம்தானோ என்று அவளே நம்பத் தொடங்கினாள். எல்லாவற்றையும்விட எனக்கு வயிறெரிகிறது அதை நினைத்துத்தான். வேலை போனதுகூட அடுத்தபடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் மதியச் சாப்பாடு. சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆண்கள் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே சாய்ந்தார்கள். பெண்கள் பாத்திரங்களை ஒழித்துக் கழுவினார்கள். நாத்தனாரின் கணவர் ஓய்வு பெற்ற மனிதர், நாளெல்லாம் போனும் கையுமாக இருப்பவர். பழைய குறட்டைப் பதிவு ஒன்றைத் தேடியெடுத்துப் போட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏன் மச்சான், என் தங்கச்சி நடுவுல மூச்சே வாங்காதா? ஒரே இழுப்பா இழுக்குதே. மனுஷ உடம்பால இது எப்படி முடியும்?"

எடிட்டருக்கு அது போதும். தொழிலைப் பாராட்டி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் உட்கார்ந்த இடத்தில் அரை அடி உயர்ந்துவிடுவான்.

"அது உங்க தங்கச்சி வேலை இல்ல மாமா, என் கைவேலை. அப்படியே போட்டா ஒரு பய கேக்கமாட்டான். நல்லா ஏறி வரும், உச்சத்துக்குப் போகும், டக்குனு காலி. ஒண்ணுமே இருக்காது. ஏதோ மெஷின் நின்ன மாதிரி. நீங்க பாட்டுக்குக் காத்துக்கிட்டே இருக்கணும். அதையெல்லாம் வெட்டி ஒட்டினாத்தான் இந்த ஓட்டம் வரும். வெட்டின இடம் எங்கேன்னு சொல்லுங்க பாப்போம்."

அவள் கையில் ஈரத்துணியோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் காலில் விழுந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

"என்னங்க. டாக்டருக்குக் குடுத்தீங்களே, அதுலயும் வெட்டினீங்களா?"

"பின்ன? டாக்டர் கேக்கற சாமான், அரைகுறையா குடுக்க முடியுமா?" என்றான் அவன். "காலி, புரள்ற சத்தம், திணறல், எல்லாத்தையும் எடுத்துட்டுப் பளிங்கு மாதிரி குடுத்தேன்."

இவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எனக்கும் வேலை சுலபம். கெட்டவன் இல்லை. டாக்டரம்மா கேட்ட கேள்வியின்போது பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். கேள்வி காதில் விழுந்தது, மண்டைக்குள் போவதற்குமுன் நகைச்சுவை வாயில் வந்துவிட்டது. மற்றபடி அன்றைக்கும் அவன் நினைத்தது, நம்ம பெயர் கெடாமல் நல்ல வேலையாகக் கொடுக்க வேண்டும் என்பதைத்தான்.

"வெட்டாதது இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"ஒரிஜினலை நான் என்னிக்கும் அழிக்கமாட்டேன், போன்லயும் ஒரு காப்பி இருக்கும். எதுக்கு?"

"போடுங்க."

"இப்பவா? போரடிக்கும்."

"போடுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று நாத்தனாரை அடுக்களையிலிருந்து வெளியே வரவைத்தது. எடிட்டர் தோளைக் குலுக்கிவிட்டு, போனை அங்கேயிருந்த ஒலிபெருக்கியோடு இணைத்துப் பதிவைத் தேடி ஓடவிட்டான்.

குறட்டை கிளம்பியது. நாத்தனாரின் கணவர் பழக்க தோஷத்தில் சிரித்தார். அது ஏறியது, கரகரத்தது, இன்னும் ஏறியது, நின்றது.

நாத்தனாரின் கணவருடைய வாய் சிரித்தபடியே இருந்தது, சிரிப்பு மட்டும் போய்விட்டது. "கனெக்ஷன் போயிடுச்சா?" என்று கேட்டார். போகவில்லை. ஒலிபெருக்கியில் எங்கோ தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. நாத்தனார் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். தன்னையறியாமல் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, தாங்க முடியாமல் விட்டு மறுபடி இழுத்தார். ஒலிபெருக்கியில் இருந்தவள் இழுக்கவில்லை. அந்த அமைதிக்குள் யாரோ மெல்லத் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. ஆண் குரல். கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது. அப்புறமும் ஒன்றுமில்லை. கடைசியில், தண்ணீரில் அமுக்கிப் பிடித்திருந்த தலையை விட்டால் வருமே, அப்படி ஒரு திணறல் வெடித்து வந்தது. அதன் மேல் குறட்டை மறுபடி கிளம்பி ஏறத் தொடங்கியது.

"நிறுத்துடா" என்றார் நாத்தனார்.

நிறுத்தினான்.

"அந்தச் சத்தமில்லாத இடத்தைத்தான் டாக்டர் கேட்டாங்க" என்றாள் அவள். கத்தவில்லை. கத்துகிற அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை. "மூச்சு நிக்குதான்னு கேட்டாங்க. இது இருந்திருந்தா எழுதிக் குடுத்திருப்பாங்க. என் வேலை இருந்திருக்கும். நான் சோம்பேறி இல்லன்னு எனக்காவது தெரிஞ்சிருக்கும்."

எடிட்டர் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "எனக்கு எப்படித் தெரியும்? சத்தம் இல்லாத இடத்துல என்ன இருக்கும்னு நினைச்சேன்" என்றான்.

நாத்தனார் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அந்தப் பதிவுகளைக் கேட்டுச் சிரித்தவர்தான், ஊருக்கெல்லாம் அனுப்பியவர்தான்.

"நடுவுல தொண்டையைச் செருமினது நீதானே?"

"ஆமாக்கா."

"அப்ப முழிச்சுக்கிட்டுதான் இருந்திருக்கே. இவ்வளவு நேரம் மூச்சு வராம கிடக்கறா. கையை நீட்டி ஒரு உலுக்கு உலுக்கக் கூடாதாடா?"

"உலுக்கினா ரெக்கார்டிங் கெட்டுப்போயிருக்குமேக்கா" என்றான் அவன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டது. திரும்ப எடுக்கலாமா என்பது போல வாயைத் திறந்தான். கூடத்தில் யாரும் அவனுக்கு உதவிக்கு வரவில்லை.

அவள் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள். அவன் கையிலிருந்த போனை எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். அவன் தடுக்கவில்லை.

"வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, நாளைக்குக் காலைல டாக்டர்கிட்டப் போகணும். இன்னிக்கு ராத்திரி நான் உங்க பக்கத்துல படுத்துக்கட்டுமா? சத்தம் வந்தா விட்டுடுங்க. நின்னா மட்டும் உலுக்குங்க."